மூலையில் கிடந்த சேலைகள்

வீட்டைப் பூட்டித் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். கேஸை அடைத்தோமா, அயர்ன் பாக்ஸ் வயரைப் பிடுங்கினோமா என்று அதற்குப் பிறகும் இரண்டு தடவை யோசிப்பேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். ஒரு ரவிக்கைத் துணியில் கத்திரி வைப்பதற்குள் மூன்று முறை அளப்பேன். மதுரை கோச்சடையில் என் கடைக்கு வருகிற பெண்கள், "வெட்டுக்கா, துணி ஒன்னும் ஒன்னயக் கடிச்சிராது" என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். இத்தனை வருடத்தில் என் கையில் ஒருத்தர் துணியும் வீணானதில்லை.

அப்படிப்பட்டவள் கோட்டைவிட்ட கதைதான் இது.

தெற்கே தாமிரபரணி வெள்ளம் ஊர்களுக்குள் புகுந்த வாரம். எதிர்வீட்டுத் தம்பி மினி வேன் ஓட்டுகிறவன். யாரும் சொல்லாமல் அவனாகவே வண்டியைத் தெருமுனையில் நிறுத்தி, "குடுக்குறதக் குடுங்க, காலையில கெளம்புறேன்" என்று சத்தம் போட்டான். அரிசி வந்தது, பிரெட் வந்தது, பால் பவுடர், கொசுவர்த்தி, போர்வை எல்லாம் வந்தன. துணி பிரிக்கிற வேலையை என்னிடம் விட்டார்கள். கிழிந்ததைத் தள்ளினேன். பட்டன் போன சட்டைகளுக்கு அங்கேயே உட்கார்ந்து பட்டன் தைத்தேன். எவரோ கல்யாணக் கோட்டு ஒன்றைப் போட்டிருந்தார். தண்ணீரில் நிற்கிறவன் கோட்டை வைத்து என்ன செய்வான்? சேலைகள்தான் அதிகம். நல்ல சேலைகள். பத்துப் பத்தாக மடித்துக் கட்டிக் கொடுத்தேன். மனசு நிறைந்திருந்தது.

மறுநாள் சாயங்காலம் தம்பி திரும்பி வந்தான். முழங்கால் வரை சேறு. ஒரு பள்ளிக்கூடத்தில் முந்நூறு பேர் போலத் தங்கியிருக்கிறார்கள், பிரெட்டும் தண்ணீரும் நிமிடத்தில் தீர்ந்துவிட்டன என்றான்.

"சேலை?"

"அத ஏன்க்கா கேக்குற. மூலையில கெடக்கு. ஒருத்தரும் தொடல. வெள்ளத்துல எல்லாம் போயும் கலர் பாக்குறாக போல."

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. நனைந்து நிற்கிற பெண் காய்ந்த சேலையை ஏன் தொடாமல் இருக்கிறாள்? டீ போட்டுக் கொடுத்தேன். அவன் குடித்து முடிப்பதற்குள் எனக்கு உறைத்துவிட்டது. அத்தனை கட்டுகளையும் நான்தான் மடித்தேன். அதில் ஒரு பாவாடைகூடக் கிடையாது.

யாரும் கொடுக்கவில்லை. எப்படிக் கொடுப்பார்கள்? கட்டிய சேலையைக் கொடுப்போம், போட்ட சட்டையைக் கொடுப்போம். உடுத்திய உள்பாவாடையை எடுத்து யார் தெருமுனையில் வைப்பார்கள்? வீட்டில் துவைத்தாலே துண்டுக்கு அடியில் மறைத்துக் காயப்போடுகிற துணி அது. நான் தையல்காரி, எனக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

"அந்தப் பள்ளிக்கூடத்துக்கு போன் போடு" என்றேன்.

போனை எடுத்தவர் அங்கே பொறுப்பில் இருந்த ஒரு பெரியவர். "எல்லாம் இருக்கும்மா, குறை ஒண்ணுமில்ல" என்றார்.

"சரிங்கய்யா. பக்கத்துல பொம்பளயாளுக இருந்தா கொஞ்சம் குடுங்க."

ஒரு பெண் குரல் வந்தது. நான் யார், எதற்காகக் கேட்கிறேன் என்று சொன்னேன். நடந்து போகிற செருப்புச் சத்தம் கேட்டது. ஆள் இல்லாத பக்கமாக ஒதுங்கினாள் போல. பிறகு ரகசியம் மாதிரிச் சொன்னாள்.

"எக்கா, சேல மலை மாதிரி கெடக்கு. பாவாட இல்லாம அத எதுல சொருவ? மூணு நாளா நனைஞ்ச துணியோடதான் கெடக்கோம். தொடையெல்லாம் புண்ணாயிட்டு. சாப்பாட்டு வரிசைக்குக்கூட பாதிப் பேரு எந்திரிக்கல. ஆம்பளயாளுககிட்ட இத எப்படிக் கேக்க?"

"நாளைக்குச் சாயங்காலம் வாரேன்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

மறுநாள் கடை திறக்கும்போதே டவுனில் பாய் கடையில் நின்றேன். நான் லைனிங், நூல், நாடா எல்லாம் வாங்குவது அவரிடம்தான். என்னைப் பார்த்ததும், "என்னம்மா, போன வாரம் வாங்குன துணி சாயம் போகுமான்னு நாலாவது தடவ கேக்க வந்தியா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. கடைப் பையனைக் கூப்பிடாமல் அவரே ஏணியில் ஏறி பாப்ளின் துணிக்கட்டுகளைத் தள்ளிவிட்டார்.

"அடர் கலரா குடுங்க பாய். சேத்துல வெள்ளை தாங்காது."

"எடுத்துக்க. பில்லப் பத்திப் பேசுனா கோவம் வந்துரும். நாடாவ மறந்துறாத, அது இல்லாம எம்புட்டு தச்சாலும் வேஸ்ட்." ஏணியிலிருந்து இறங்கி, "எங்க வீட்டுலயும் ரெண்டு மிஷின் இருக்கு. பாதிய இங்க வச்சிட்டுப் போ. மத்தியானம் வண்டி இந்தப் பக்கமா வரட்டும்" என்றார்.

என் கடையில் என்னோடு எங்கள் தெருப் பெண்கள் நான்கு பேர் உட்கார்ந்தார்கள். ஒருத்தி வெட்ட, இருவர் தைக்க, ஒருத்தி ஊக்கில் நாடாவைக் குத்திக் கோத்துத் தள்ளினாள். அளவுதான் என்னை வதைத்தது. யார் ஒல்லி, யார் பருமன், எதுவும் தெரியாது. சின்னதாகப் போனால் ஒருத்திக்கு ஏறாது. அவளுக்கு மட்டும் இல்லை என்று ஆகிவிடும். பெரிசாக இருந்தால் இழுத்துக் கட்டிக்கொள்ளலாம். "எல்லாத்தையும் பெருசாவே வெட்டு, நீளமும் கூட வை" என்றேன். வேன் தம்பி வந்து எட்டிப்பார்த்து, "அங்க சனம் உசுருக்குப் போராடுது, நீ பாவாடைக்குப் போராடுற" என்றான்.

"நீ கட்டுறதுன்னா ஒனக்குத் தெரியும். போயி டீசல் போடு" என்றேன். பெண்கள் சிரித்த சிரிப்பில் ஓடிவிட்டான்.

இரண்டு மணிக்கு வண்டி கிளம்பியது. பாய் வீட்டு மூட்டையையும் ஏற்றிக்கொண்டோம். நானும் ஏறிக்கொண்டேன். மடியில் கத்திரி, ஊசி, நூல்கண்டு. அழகர்கோவில் தாண்டித் தனியாகப் போகாதவள் நான். வழியெல்லாம் பாலம் இருக்குமா, பொழுதுக்குள் போவோமா என்று கேட்டுக்கொண்டே வந்தேன். "இருக்கும்க்கா, போயிருவோம்க்கா" என்று அவனும் சலிக்காமல் சொல்லிக்கொண்டே வந்தான்.

பள்ளிக்கூடத்தில் இறங்கியதும் வண்டியில் கூட வந்த தம்பியின் கூட்டாளி ஒருவன் செல்போனை எடுத்து, "எல்லாரும் வரிசையா வாங்க, வாங்குறப்ப இந்தப் பக்கம் பாருங்க" என்றான். பொதுவாக நான் சத்தம் போட்டுப் பேசுகிறவள் இல்லை. அன்றைக்குப் போட்டேன். "போன உள்ள வையி. இதப் போயா படம் எடுப்ப? மூட்டைய வகுப்புல வச்சிட்டு ஆம்பளைக அம்புட்டுப் பேரும் கேட்டுக்கு வெளிய போங்க." போனார்கள். மூலையில் கிடந்த சேலைக்கட்டுகளையும் உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

பெண்கள் முதலில் அசையவில்லை. நான் மூட்டையைப் பிரித்து, பாவாடையும் சேலையுமாக ஒவ்வொருத்தி கையிலும் வைத்தேன். ஒருவருக்கொருவர் சேலையைத் திரையாகப் பிடித்துக்கொண்டு மாற்றத் தொடங்கினார்கள். ஈரத்துணி தரையில் சொத்சொத்தென்று விழுகிற சத்தம். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்:

"எக்கா, மதுரைல எல்லாம் ஆனைக்குத்தான் பாவாட தைப்பீகளோ?"

போனில் ரகசியம் பேசிய அதே குரல். திரும்பினால், கொடி மாதிரி ஒரு பெண். பாவாடையை மார்புவரை தூக்கிப் பிடித்தும் கால் தெரியவில்லை. "உள்ள இன்னும் ரெண்டு பேரு வரலாம், யாராவது வாரியளா?" என்றாள். வகுப்பே சிரித்தது. நான்கு நாளாகத் திறக்காத வாய்கள் என்று நினைக்கிறேன், கொஞ்சத்தில் அடங்கவில்லை.

எனக்குக் கோபமும் வரவில்லை, வெட்கமும் இல்லை. இலவசமாகக் கொடுத்தாலும் அளவு தப்பு என்றால் தப்புதான். என் கடையில் வந்து சொல்கிற மாதிரியே சொன்னாள்.

"இங்க வா, நில்லு. இப்பிடியே சேத்துல இழுத்துக்கிட்டா போவ?" என்று அவள் காலடியில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தேன். நீளத்தை மடித்து ஓட்டுத்தையல் போட்டேன். முடித்து நிமிர்ந்தால் அவளுக்குப் பின்னால் ஒரு வரிசை நின்றது. சாப்பாட்டுக்கு எழுந்திருக்காதவர்கள் எல்லாம் சேலையைச் சொருகி, விளிம்பை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

வெளியே தம்பி ஹாரன் அடித்தான். இருட்டுவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று வழியில் நான்தான் அவனிடம் நூறு தடவை சத்தியம் வாங்கியிருந்தேன். மறுபடி அடித்தான்.

"அடிக்கட்டும்" என்று அடுத்த விளிம்பை மடித்தேன்.