பேட்டரிக்கார அக்கா

வளையல்களைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் காரின் பானட்டுக்குள் கையை விடுவாள். "கரண்டுக்குத் தங்கம் என்ன, தகரம் என்ன? ஷார்ட் ஆச்சுன்னா கையோட வெந்துடும்." முதலில் கறுப்பு வயர், அப்புறம்தான் சிவப்பு. இந்த வரிசையை மாற்றிக் கழற்றினால் யாராக இருந்தாலும் திட்டு நிச்சயம். பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கரைப்பாள், துடைத்து வாஸ்லின் தடவுவாள். பேட்டரியில் குழாய்த் தண்ணீர் ஊற்றியதாக யாராவது வாய் தவறிச் சொன்னால் போச்சு. "பெத்த பிள்ளைக்குச் சாக்கடைத் தண்ணி குடுப்பீங்களா?" ஆசிட் பட்டு அவளது காக்கிச் சட்டை முழுக்க ஓட்டை. ஆனால் கைராசிக்காரி. தலை நரைத்த டாக்சிக்காரருக்கும் அவள் அக்காதான்.

அந்த டாக்சிக்காரர் ஒரு மத்தியானம் கொதித்துக்கொண்டு வந்தார். சிறுநீரகம் பழுதான தங்கையைக் காலையில் டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறவர். அக்கா சொன்னாளே என்று புது பேட்டரி போட்டிருந்தார். அதுவும் விடிவதற்குள் செத்துக் கிடந்தது. ஆள் வைத்துத் தள்ளித்தான் வண்டியைக் கிளப்பியிருந்தார்.

"நாளைக்கும் வண்டி கிளம்பலைன்னா அவளைத் தோள்ல தூக்கிட்டா போறது?"

அவள் சப்பைக்கட்டு கட்டவில்லை. "தப்பு என்னுதுதாண்ணே. பழைய பேட்டரி நல்லாத்தான் இருந்திருக்கு. எதுவோ கரண்ட்டைத் திருடுது. அதைப் பாக்காம விட்டுட்டேன்."

வண்டியை அணைத்துவிட்டு, கரண்ட் பார்க்கும் மீட்டரைப் பேட்டரியில் வைத்தாள். முள் நகர்ந்தது. எங்கெங்கோ தேடி, கடைசியில் டிக்கியைத் திறந்து உள்ளே இருந்த குட்டி விளக்கைத் தொட்டாள். சுட்டது. டிக்கியை மூடினாலும் அணையாமல், விடிய விடிய எரிந்து பேட்டரியைக் குடித்திருக்கிறது. பல்பைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தாள். "பிடிங்க உங்க திருடனை. இனிமே நிம்மதியாத் தூங்குங்க."

அவர் தூங்கினாரோ என்னவோ, அவள் தூங்கவில்லை. இன்னொரு திருடனும் உள்ளே இருந்தால்? விடிந்தும் விடியாமலும் வேன் சாவியை எடுத்தாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றார் கணவர்.

"பால் வாங்க."

"ஜம்ப்பர் வயரை எடுத்துக்கிட்டா?"

டாக்சிக்காரர் வீட்டுத் தெருமுனையில் வேனை நிறுத்தி, கார் கிளம்பாவிட்டால் வேன் பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுக்க அந்த வயரை மடியில் வைத்துக்கொண்டாள். அண்ணனும் தங்கையும் வந்து காரில் ஏறினார்கள். அவள் இறங்கி ஓடத் தயாராக வேன் கதவில் கை வைத்தாள். சாவியை ஒரு திருப்புத்தான், வண்டி கிளம்பிவிட்டது. "அப்பாடா!" என்றாள் வாய்விட்டு.

கார் அவள் பக்கமாகத்தான் வந்தது. அக்காவுக்கே சந்தேகமா என்று அந்த மனுஷன் கலங்கிவிடக் கூடாதே! சட்டென்று ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து, கார் தாண்டிப் போகும்வரை தலையைத் தூக்காமல் கிடந்தாள்.