காகிதம் கிழியுமா என்று திசேபோ கேட்டது

திசேபோ யாரோடு பழகுகிறாள் என்பது எனக்குத் தேவையில்லாத விஷயம். ஆனாலும் அதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் ஊர் லேடிபிராண்டில் நோட்டரி வக்கீல் லெபோனாவிடம் கல்யாணத்துக்கு முந்தைய ஒப்பந்தங்களைத் தட்டச்சு செய்கிறவள் நான். ஊரில் பாதிப் பேருடைய கல்யாணம் என் விரல் வழியாகப் போனதுதான். அது முறிகிறபோதும் என் மேசையைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

அவள் முதலில் வந்தது தொண்ணூற்றேழில். அப்போது பள்ளிக்கூடத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற மொசிவாவுக்கு மூன்று கோம்பி வண்டிகள் இருந்தன, மசேரு எல்லைவரை ஆள் ஏற்றிப் போகிறவை.

"என்னுது எனக்கு, அவளுது அவளுக்கு. அப்படியே எழுதிடுங்க," என்றான் மொசிவா.

லெபோனா அவள் பக்கம் திரும்பினார். "உனக்குச் சம்மதமாம்மா? உன் பேர்ல என்ன இருக்கு?"

"மூணு கால் இரும்புப் பானை ஒண்ணு இருக்கு, ந்தாதே," என்றாள், அப்பா என்று அழைக்கிற மரியாதையோடு. " எங்கம்மா குடுத்தது. அதையும் எழுதிக்குங்க."

மொசிவா விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, மறைக்க மாட்டேன். லெபோனா மட்டும் சிரிக்காமல் எழுதச் சொன்னார். மனைவிக்கு உரியது: மூன்று கால் இரும்புப் பானை, ஒன்று.

பிறகு மொசிவா இன்னொரு வரி கேட்டான். பெண்டாட்டி வேறொருத்தனிடம் போனால் இந்த ஒப்பந்தம் செல்லாது, அவளிடம் இருப்பதெல்லாம் தனக்கு வந்துவிட வேண்டும். புருஷன் வேறொருத்தியிடம் போனால் என்ன என்று அவன் சொல்லவில்லை. லெபோனா கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தக் காகிதம் சொத்தைத்தான் பாக்கும். படுக்கையைப் பாக்காது. அந்த வரிய நான் எழுத மாட்டேன்."

மொசிவா கவலைப்படவில்லை. பெண்ணுக்குப் பரிசமாக மாடு பேசி முடித்த அன்றே அவனுடைய தாய்மாமன் இரண்டு குடும்பத்துக்கும் முன்னால் இதே வரியைச் சொல்லி, அதன்மேல் ஒரு ஆட்டையும் அறுத்திருந்தார். எங்கள் ஜனங்களுக்கு ஆடு விழுந்தால் பேச்சு முடிந்தது. அதற்கு மேல் காகிதம் எதற்கு என்ற நினைப்பிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்.

ஒன்பது வருஷம் கழித்து அவள் தனியாக வந்தாள். மொசிவாவுக்கு அதற்குள் பதினோரு கோம்பிகள். தாபா ந்சு ஊரில் ஒரு பெண்ணும், அவளிடம் இரண்டு பிள்ளைகளும். திசேபோ அந்தப் பானையில் ரொட்டி வேகவைத்து, கோம்பி நிற்கிற இடத்தில் விற்றுக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அக்கா என்கிற மாதிரி அவுசி என்றுதான் என்னைக் கூப்பிடுவாள்.

"அவுசி, அவரு இப்படிப் பண்ணிட்டாரு. இப்ப அந்தக் காகிதம் கிழிஞ்சிடும்ல?"

"கிழியாது."

"பதினோரு வண்டி இருக்கு, அவுசி."

"பதினொண்ணும் அவரோடதுதான்."

"அப்ப எனக்கு?"

ஒப்பந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். பானை இருந்த வரியில் விரலை வைத்தாள். அழவில்லை. "சரி, இது இருக்குல்ல," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்று முழுக்க எனக்கு என் வேலையின் மேலேயே ஆத்திரம். இந்தக் கண்ணில்லாத காகிதத்தைத் தட்டித்தானே நான் சம்பளம் வாங்குகிறேன்.

அவள் அந்த வீட்டிலேயேதான் இருந்தாள். என் பிள்ளைகள் படித்து முடிக்கட்டும் என்றாள். பானை ரொட்டி விற்று ஒரு மின்சார அடுப்பு வாங்கினாள், பிறகு இன்னொன்று. பக்கத்து மன்யட்செங்கில் தன் பெயரில் கடை போட்டு நாலு பெண்களுக்கு வேலை கொடுத்தாள். சனிக்கிழமை எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் அவள் ரொட்டிதான். அடுப்பு வந்ததும் பானையை மொசிவாவின் தாய்மாமன் பீர் காய்ச்ச வாங்கிப் போனார், திரும்பி வரவில்லை. மொசிவாவின் வண்டிகளோ வழித்தடத் தகராறில் ஒவ்வொன்றாகப் போய், கடைசியாக ஒன்று செங்கல் மேல் நின்றது.

இரண்டாயிரத்துப் பதினாறு ஜூன் மாதம், நல்ல குளிரில், மொசிவா தாய்மாமனைக் கூட்டிக்கொண்டு வந்தான். இருவரும் விசேஷத்துக்குப் போர்த்துகிற கம்பளியைப் போர்த்தியிருந்தார்கள். திசேபோவைத் தேவாலயப் பாடகர் ராமொலெட்சியோடு ஃபிக்ஸ்பர்க் சாப்பாட்டுக் கடையில் இரண்டு தடவை பார்த்த ஆள் இருக்கிறதாம். அதனால் ஒப்பந்தம் செத்துவிட்டதாம், கடையும் அடுப்பும் மொசிவாவுக்காம். லெபோனா அடுத்த வியாழக்கிழமை எல்லோரையும் வரச் சொன்னார்.

அந்த வாரம்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. உளவு பார்க்கவே நாலு முறை அவள் கடையில் ரொட்டி வாங்கினேன். ராமொலெட்சியும் அங்கே நின்றார். மனைவி போய்ச் சேர்ந்து தனியாக இருக்கிற மனுஷனுக்குத் தினம் மூன்று ரொட்டி எதற்கு? கடையை இழந்துவிடுவாளோ என்று பயமாகவும் இருந்தது, உண்மை என்ன என்று மனசு அரிக்கவும் செய்தது. ஊரார் கேட்டபோதெல்லாம் அவள் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை தாய்மாமன் ஆட்டிலிருந்துதான் ஆரம்பித்தார்.

"ஆடு அறுத்துப் பேசின பேச்சு, ந்தாதே. அந்தக் கறிய நீங்களும்தான் சாப்பிட்டீங்க."

"சாப்பிட்டேன். நல்ல கறி," என்றார் லெபோனா. "ஆனா ஆடு கையெழுத்துப் போடலயே."

"அவளையே கேளுங்க," என்றான் மொசிவா. "உண்மையா பொய்யா, அவ வாயால சொல்லட்டும்."

நான் தட்டுவதை நிறுத்திவிட்டேன். திசேபோ அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"அவுசி, பத்து வருஷம் முன்னாடி இங்க வந்து ஒண்ணு கேட்டேனே. பதில் ஏதும் மாறிடுச்சா?"

"மாறல."

"அது ஆம்பளைக்கு மட்டும் சொன்ன பதில் இல்லயே?"

லெபோனாவே முந்திக்கொண்டார். "யாரு போனாலும் ஒண்ணுதான்மா. காகிதம் கிழியாது."

"அப்ப என் அடுப்பு ரெண்டும்?"

"உன்னோடது."

"கடை?"

"அதுவும்தான்."

அவள் கம்பளியைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "அப்ப உண்மைதான்," என்றாள். "ஆனா ஃபிக்ஸ்பர்க்ல ரெண்டு தடவ இல்ல, நாலு தடவ."

எனக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது, என்ன பெண் இவள் என்று.

"விவாகரத்துக்கு நானே போடறேன்," என்று அவள் எழுந்தாள். "இவங்க வீட்டுலேருந்து எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். மாமா, அந்தப் பானையக் கழுவிக் குடுத்தனுப்புங்க."

"பழைய பானைம்மா அது," என்றார் தாய்மாமன். "அத உன்னுதுன்னு நீ எப்படிச் சொல்லுவ?"

நான் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்து, அந்த வரியில் விரலை வைத்தேன்.