முகிலனுக்குப் பக்கத்து சீட்

“சிஸ்டம்ல ரெண்டு பேருக்கும் ஃபேமிலி நேம் வேற வேறயா இருக்கு அங்கிள். அதான் தனித்தனியா போட்டுருச்சு.”

போன வாரம் பினாங்கு விமான நிலையத்தில், கவுண்டருக்குப் பின்னால் நின்ற பெண் என்னிடம் இப்படிச் சொன்னாள். எனக்கு விமானத்தின் வால் பக்கம். என் மகனுக்கு நடுவில் எங்கோ... முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு இடையில்.

பெயர் வேறாக இல்லாமல் எப்படி இருக்கும்? நான் தனபாலன், ஆறுமுகத்தின் மகன். அவன் முகிலன், தனபாலனின் மகன். குடும்பப் பெயர் என்று டிக்கெட் கேட்கிற கட்டத்தில் எனக்கு ஆறுமுகம், அவனுக்குத் தனபாலன். என் மனைவி மீனாவும் வந்திருந்தால் அவள் அப்பா பெயரும் மூன்றாவதாக வந்து நின்றிருக்கும். இந்த நாட்டில் நம்மவர் வீடு ஒவ்வொன்றிலும் இதுதான் கதை. ஒரே சட்டியில் சாப்பிடுகிற நாங்கள் மூவரும் கணினிக்கு வழியில் சந்தித்துக்கொண்டவர்கள்.

அந்தப் பெண்ணும் தமிழ்ப் பெண்தான். அவள் பெயருக்குப் பின்னாலும் அவள் அப்பா பெயர்தான் இருக்கும். அவளைக் கோபித்து என்ன பயன்?

“நான் காசு கட்டி சீட் எடுத்தேனேம்மா. ரெண்டும் பக்கம் பக்கமா.”

“விமானத்த மாத்திட்டாங்க அங்கிள். அப்படி மாத்துனா சீட்டெல்லாம் சிஸ்டமே திரும்பப் போட்டுரும். ஈமெயில் வந்திருக்குமே, பாக்கலியா?”

பார்க்கவில்லைதான். அந்தக் கம்பெனி எனக்கு அனுப்புகிற ஈமெயிலில் எது தள்ளுபடி, எது தலைவிதி என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

“அப்ப நான் கட்டுன காசு?”

“கிரெடிட்டா வந்துரும் அங்கிள். அடுத்த தடவ சீட் எடுக்கறப்ப யூஸ் பண்ணிக்கலாம்.”

முகிலனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இந்தப் பக்கத்தில் எத்தனையோ வாரங்களாக உங்களிடம் என்னென்னவோ பேசியிருக்கிறேன். ஜெலுத்தோங் மார்க்கெட்டின் மீன் விலை, எங்கள் ஃபிளாட்டின் லிஃப்ட், என் கொலஸ்ட்ரால்... எதையும் விட்டதில்லை. மகனைப் பற்றி மட்டும் எழுதியதில்லை. அவனுக்கு ஆட்டிசம். வயது இருபத்திரண்டு, உயரம் என்னைவிட ஒரு பிடி அதிகம். பேசுவான், ஆனால் பெரும்பாலும் நாம் பேசியதையே திருப்பிப் பேசுவான். பஸ்ஸில் ஏறினால் ஜெலுத்தோங்கிலிருந்து கொம்தார் வரை ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் வரிசை தவறாமல் சொல்வான். பக்கத்தில் நான் இருக்க வேண்டும், இல்லையென்றால் மீனா. வேறு யாருடனும் அவனை உட்கார வைத்துப் பார்க்கும் தைரியம் எங்களுக்கு வந்ததில்லை.

இந்தப் பயணமே அந்தத் தைரியத்தைத் தேடித்தான். ஜோகூரில் இருக்கும் என் தங்கை வசந்தி சில மாதங்களுக்கு முன் போனில் சொன்னாள்: “உங்களுக்கும் அண்ணிக்கும் பின்னால அவன் எங்கண்ணே போவான்? ஒரு வாரம் இங்க கொண்டாந்து விடுங்க. பழகட்டும். பழகிட்டான்னா நான் பாத்துக்கறேன்.” சொந்தபந்தம் என்று எங்களுக்கு ஒரு கல்யாண மண்டபம் நிறைய உண்டு. அதில் இப்படிக் கேட்டது அவள் ஒருத்திதான்.

பஸ்ஸில் போக முடியாது. ஜோகூருக்கு ஒரு பகலே போய்விடும், அவ்வளவு நேரம் அவன் தாங்க மாட்டான். எனக்குக் கண் பார்வை சரியில்லை, காடி ஓட்டிப் போகிற தூரமும் இல்லை. மீதி இருந்தது விமானம்தான். அதில் அவன் ஒழுங்காக உட்கார்ந்து வந்தால் வசந்தி வீட்டுக்கு அடிக்கடி போகலாம், பழக்கலாம். வரவில்லை என்றால்... எங்களுக்கு அப்புறம் அவன் கதி என்ன என்ற கேள்வி பழையபடி நடு வீட்டில் வந்து படுத்துக்கொள்ளும்.

அதனால்தான் டிக்கெட் எடுக்கும்போது அந்தச் சீட் படத்தை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். பச்சை ஒரு விலை, நீலம் ஒரு விலை, முன்னால் சிவப்பில் இருப்பது காலை நீட்ட ஒரு விலை. டிக்கெட் எடுத்தவன் உட்கார்ந்துதானே போவான்? அதற்குத் தனியாக ஒரு கட்டணமா? பெட்டிக்குத் தனி, தண்ணீருக்குத் தனி, உட்காரத் தனி. மற்ற நாளாக இருந்தால் இதை வைத்தே ஒரு வாரம் ஓட்டியிருப்பேன். அன்று ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கட்டினேன். இடது பக்கம் ஜன்னல் அவனுக்கு, பக்கத்தில் நான். மீனா பின்னால் நின்று, “ரெக்கை மறைக்காதுல்ல?” என்று கேட்டாள். மறைக்காத வரிசையாகத்தான் பார்த்து எடுத்திருந்தேன். கண் ஆபரேஷன் ஆகியிருந்ததால் அவளால் வர முடியவில்லை.

கவுண்டரில் முகிலனின் ஊனமுற்றோர் அட்டையை எடுத்து நீட்டினேன். அந்தப் பெண் அதைப் பார்த்ததும் முகம் இளகி, “வீல்சேர் வேணுமா அங்கிள்?” என்று கேட்டாள்.

“நடப்பான்மா. ஓடவும் செய்வான். பக்கத்துல நான் உக்காரணும், அவ்வளவுதான்.”

“சின்னப் பிள்ளைங்கன்னா சிஸ்டம் சேத்துப் போடும். இவரு பெரியவரு. இப்ப சேந்தாப்ல ரெண்டு சீட் இல்ல. கேட்ல கேட்டுப் பாருங்களேன்.”

கேட்டில் இருந்தவர் விமானத்துக்குள் கேட்கச் சொன்னார். விமானத்துக்குள் இருந்த பணிப்பெண், பயணிகளிடம் நீங்களே பேசிப் பாருங்கள், அவர்களுக்குச் சம்மதம் என்றால் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்றாள். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். மரியாதைக்கு இன்னும் கட்டணம் வைக்கவில்லை.

முகிலன் போர்டிங் பாஸில் இருந்த எண்ணைப் பார்த்தான், தலைக்கு மேலே எழுதியிருந்த எண்ணைப் பார்த்தான், நேராகப் போய் நடு சீட்டில் உட்கார்ந்துவிட்டான். ஜன்னலோரத்தில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஒரு நடுத்தர வயதுப் பெண். நடைபாதைப் பக்கம் ஒரு தமிழர், என் வயதுதான் இருக்கும், இஸ்திரி போட்ட சட்டை. அவரிடம்தான் கேட்டேன்.

“அண்ணே, ஒரு உதவி. இது என் மகன். நான் பின்னால தனியா மாட்டிக்கிட்டேன். சீட் மாத்திக்கலாமா?”

“உங்களுக்கு எந்த சீட்?”

“கடைசிக்குப் பக்கத்துல. நடு சீட்.”

அவர் சங்கடத்துடன் சிரித்தார். “மன்னிச்சுக்குங்கண்ணே. முட்டி வலி, கால நீட்டணும்னுதான் காசு கட்டி இத எடுத்தேன். பையன் பெரிய பையன்தானே. ஒரு மணி நேரம்தான்லா.”

அவர் சொன்னதில் என்ன தப்பு? முன்பெல்லாம் பட்டர்வொர்த்தில் பஸ் ஏறினால் ஒரு கண் ஜாடையில் இடம் மாறிக்கொள்வார்கள். அன்று இடத்துக்கு விலை இல்லை. இப்போது ஒரு மனிதனிடம் சீட்டைக் கேட்பது அவன் பாக்கெட்டில் கை விடுகிற மாதிரி ஆகிவிட்டது. நானும் காசு கட்டினவன்தான் என்று சொல்லத் தோன்றியது. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று பின்னால் போய் உட்கார்ந்தேன்.

கழுத்தை நீட்டிப் பார்த்தால் முகிலனின் தலை தெரிந்தது. ஆடவில்லை, அசையவில்லை. பரவாயில்லையே... பையன் உட்கார்ந்துவிட்டானே என்று ஒரு சின்ன நம்பிக்கை எட்டிப் பார்த்தது.

அப்போதுதான் பணிப்பெண்கள் பெல்ட் போடச் சொல்லிக் காட்ட ஆரம்பித்தார்கள்.

முகிலனுக்கு விதி என்றால் விதி. எங்கள் காடியில் எல்லோரும் பெல்ட் போட்டு, அவன் கையால் இழுத்துப் பார்த்த பிறகுதான் வண்டி நகரும். அவன் தன் பெல்ட்டைப் போட்டான். பிறகு நடைபாதைப் பக்கம் இருந்தவரின் மடியை நோக்கிக் கையை நீட்டினான். அவர் பெல்ட் போடாமல் இருந்திருப்பார். இவன் அதை எடுத்து மாட்டப் பார்த்திருக்கிறான். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் துள்ளி விலகியதும், “ஏய், என்ன செய்யற?” என்று கேட்ட குரலும்தான்.

நான் எழுந்து ஓடினேன். உட்காருங்கள் சார் என்று யாரோ சொன்னார்கள். எனக்குள் இருந்த பயம் முழுவதும் வாய்க்கு வந்துவிட்டது.

“சார், என் மகனுக்கு மூளை சரியில்ல.”

சத்தமாகத்தான் சொன்னேன். ஜன்னலோரப் பெண்ணுக்காக அதையே மலாய் மொழியிலும் சொன்னேன். மருத்துவர்கள் சொல்லிக்கொடுத்த நல்ல வார்த்தைகள் எத்தனையோ இருக்கின்றன. அந்த நிமிடத்தில் ஒன்றும் வரவில்லை. இந்த வார்த்தையை யாராவது சொன்னால் மீனா அவர்கள் வீட்டுப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். அதை நானே சொன்னேன், அவனை வைத்துக்கொண்டு.

வேலை நடந்தது. நடைபாதைக்காரர் உடனே எழுந்துவிட்டார். முட்டி வலியைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. “நீங்க உக்காருங்கண்ணே, உக்காருங்க” என்று சொல்லிக்கொண்டே பின்னால் என் நடு சீட்டுக்குப் போய்விட்டார். சரி, இரக்கப்பட்டார் என்றுதான் நினைத்தேன். ஜன்னலோரப் பெண் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள், பையை மார்போடு அணைத்துக்கொண்டாள், முகிலனின் முழங்காலில் தன் உடை படாதபடி நெளிந்து வெளியே வந்தாள். பணிப்பெண்ணிடம் ஏதோ கிசுகிசுத்தாள். பின்னால் எங்கோ ஒற்றையாகக் கிடந்த ஒரு சீட்டை அவளுக்குக் கொடுத்தார்கள். அவளும் ஜன்னலுக்குக் காசு கட்டித்தான் வந்திருப்பாள்.

மூன்று சீட் எங்களுக்கு. ஒரு காசு செலவில்லாமல்.

“முகிலா, ஜன்னல் பக்கம் தள்ளி உக்காருப்பா. மேகம் பாக்கலாம்.”

அவன் தலையை ஆட்டினான். “ஆன்ட்டி சீட்” என்றான். போர்டிங் பாஸைக் காட்டினான். அவன் எண் நடுவில். விமானம் எழும்பியதும் ஜன்னலைத் தாண்டிப் பினாங்குப் பாலம் கீழே போயிற்று. அவனுக்கு உயிரான காட்சி அது. கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தான், அந்த சீட்டில் ஒரு விரல் வைக்கவில்லை. பிறகு அதன் பெல்ட் தொங்குவதைக் கவனித்து, இரண்டு முனையையும் எடுத்துப் பூட்டி, இழுத்துச் சரிபார்த்தான்.

மேலே போனதும் விமானி பேசினார். வானிலை, உயரம், நன்றி. முகிலன் அதைக் கேட்டுவிட்டு அப்படியே திருப்பிச் சொன்னான், அது அவன் வழக்கம். சொல்லி முடித்துத் தன் பெல்ட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தான். பிறகு என்னுடைய குரலில், என்னுடைய அதே கெஞ்சலோடு சொன்னான்:

“சார், என் மகனுக்கு மூளை சரியில்ல.”

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் விடுவித்துக்கொண்டு இன்னொரு முறை சொன்னான். இறங்கும் வரை எத்தனை முறை என்று கேட்காதீர்கள். பொருள் தெரிந்து சொன்னானா, சத்தத்தை மட்டும் சொன்னானா? தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழியும் கிடையாது. அது தெரியாமலேயே நான் போய்ச் சேரப்போகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவன் அந்த ஒரு மணி நேரத்தில் அழவில்லை, எழவில்லை, கத்தவில்லை. எந்தக் கேள்விக்காக அவனை விமானத்தில் ஏற்றினேனோ, அதற்கு அவன் பதில் சொல்லிவிட்டான். அந்நியர்களுக்கு நடுவில் அவனால் உட்கார முடியும். அவனோடு உட்கார அந்நியர்களை நான் எங்கே போய்ப் பிடிப்பேன்? வசந்தி இருக்கிறாள், சரி. வசந்திக்கும் வயதாகும். அவளுக்குப் பின்னால்? இந்த உலகத்தில் எந்தக் கவுண்டரில், எவ்வளவு கட்டினால், அவன் பக்கத்தில் ஒருவர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பார்?

ஜோகூர் விமான நிலையத்தில் வசந்தி காத்திருந்தாள். முகிலனின் கன்னத்தைத் தட்டினாள். அவன் அவளுடைய காடியில் ஏறி, எல்லோருக்கும் பெல்ட் மாட்டினான். அந்த வாக்கியத்தை அவளிடம் சொல்லவில்லை. அந்த மட்டுக்கும் அவன் என்னைக் காப்பாற்றினான்.

வசந்தி வீட்டுக்குப் போனதும் மீனாவின் போன். நாள் முழுக்க மடியில் போனை வைத்துக்கொண்டே இருந்திருப்பாள்.

“எப்படிங்க வந்தான்?”

“நல்லா வந்தான். சேட்டை ஒண்ணும் இல்ல.”

“கடவுளே...” அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று புரியவில்லை. “பக்கத்துல உக்காந்திருந்தவங்க எப்படி? ஏதாச்சும் சொன்னாங்களா?”

“ஒண்ணும் சொல்லலையே. ரொம்ப நல்லவங்க. நமக்கு இடம் விட்டுக்கொடுத்துட்டாங்க.”