அம்சவள்ளி வீட்டில் இருந்த இரண்டு வருஷம்

அந்தப் பத்து நாளும் மணப்பட்டில் அம்சவள்ளியைப் பார்த்தவர்கள் பெண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தார்கள். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு வாய்க்குள் ஆங்கிலம் முணுமுணுப்பாள். குடம் நிரம்பி வழியும். பின்னால் நிற்கிற ஆண்டாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அடியே, தண்ணி ஊத்துது பாரு. பேசுறத வூட்ல போய்ப் பேசு" என்பாள்.

விஷயம் இதுதான். வில்லியனூர் பக்கத்தில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். விண்ணப்பம் போட்டிருந்தாள், நேரில் வரச்சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். பி.எஸ்சி. நர்சிங் முடித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவும் செய்து இரண்டு வருஷம் ஓடிவிட்டது. இதற்கு முன்னால் இரண்டு இடத்தில் நேர்காணலுக்குப் போய் வந்தாயிற்று. இரண்டு இடத்திலும் எல்லாவற்றையும் நன்றாகத்தான் சொன்னாள். கடைசியில் ஒரே கேள்வியில் கவிழ்ந்தாள்.

"படிச்சு முடிச்சு ரெண்டு வருஷமா என்ன பண்ணீங்க?"

"வீட்ல இருந்தேன் மேடம்."

அவ்வளவுதான். ஃபைலை மூடிவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். சொல்லியும் அனுப்பமாட்டார்கள். இரண்டு வருஷம் ஊசியையே தொடாத பெண்ணை எதற்கு எடுப்பது என்று அவர்களுக்கு. இந்த முறையும் கை நழுவினால் கன்னியக்கோயில் துணிக்கடையில் பில் போடப் போவதாக அண்ணன் இளங்கோவிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். நாலு வருஷப் படிப்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டியதுதான்.

வீட்டில் இருந்தாளாம். இந்த இடத்தில் கொஞ்சம் கோபம் வரத்தான் செய்கிறது.

அவள் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த பத்தாம் நாள், அப்பா நாகமுத்து கடலில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர் கயிற்றை நழுவவிட்டார். நழுவவிடுகிற ஆள் இல்லை அவர். கூட இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தபோது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. படகைத் திருப்பிக் கரைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சு குழறியது. இருபது நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மா திரௌபதி விடிந்தால் மீன் கூடையோடு பாகூர் சந்தைக்குப் போக வேண்டும். இளங்கோ கடலுக்குப் போக வேண்டும். மிச்சம் இருந்தது அம்சவள்ளி.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்தாள். ராத்திரி பகல் பார்க்கவில்லை. குதிகாலையும் இடுப்பையும் விரலால் அழுத்திப் பார்த்து, சிவப்பு மறைகிறதா என்று கவனித்தாள். கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, நிமிர்த்தி உட்காரவைத்து, அரை ஸ்பூன் அரை ஸ்பூனாக ஊட்டினாள். புரையேறி நுரையீரலுக்குப் போய்விடக் கூடாதே என்று ஒவ்வொரு வாய்க்கும் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எண்பது கிலோ ஆளை ஒற்றைப் பெண் எப்படித் தூக்குவது? பழைய நைலான் வலையை நாலாக மடித்து, உடம்பை அறுக்காமல் இருக்க மேலே அம்மாவின் பருத்திப் புடவையைத் தைத்து, அடியில் விரித்துவிட்டாள். கரையில் சும்மா நிற்கிற நாலு பேரைக் கூப்பிட்டு நாலு முனையையும் பிடிக்கச் சொல்வாள். வலை இழுத்துப் பழகிய கைகள். ஒரு குரலுக்கு ஒன்றாகத் தூக்குவார்கள், நாகமுத்து அசங்காமல் நாற்காலிக்கு வந்துவிடுவார்.

இத்தனையும் செய்துவிட்டு, விண்ணப்பத்தில் 'பணி அனுபவம்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள். பெற்ற அப்பனைப் பார்த்துக்கொள்வதை அந்தக் குப்பத்தில் யார் வேலை என்று சொல்வார்கள்? சொன்னால் சிரிப்பார்கள். அவளுக்கே அது தோன்றவில்லை.

அவளோடு படித்த வெண்ணிலாவுக்கும் தோன்றவில்லை. வெண்ணிலா நெட்டப்பாக்கத்துக் கரும்பு விவசாயி வீட்டுப் பெண், படிப்பு முடிந்த கையோடு வேலைக்குப் போய்விட்டவள். தினமும் சாயங்காலம் போனில் முகம் காட்டி, அம்சவள்ளியைக் கேள்வி கேட்டுப் பழக்கினாள். ரத்தம் ஏற்றும்போது நோயாளிக்குக் குளிர் நடுக்கம் வந்தால் முதலில் என்ன செய்வாய், சர்க்கரை இறங்கி மயங்கினால் என்ன செய்வாய் என்று துளைத்து எடுப்பாள். அதிலெல்லாம் அம்சவள்ளி புலி. இரண்டு வருஷக் கேள்வி வந்தால் மட்டும் 'வீட்ல இருந்தேன்' என்பதைத் தாண்டமாட்டாள்.

"இது சரிப்படாதுடி" என்றாள் வெண்ணிலா. "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் கிளினிக் வெச்சிருக்காரு. ரெண்டு வருஷம் இங்க வேலை பாத்தான்னு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கித் தரேன். ஃபாரத்துல எழுத வுட்டுப்போச்சுன்னு சொல்லிக் குடுத்துடு."

"பொய்யாச்சேடி."

"எல்லாரும் குடுக்குறதுதான். யாரு போய்ப் பாக்கப் போறாங்க?"

ஞாயிற்றுக்கிழமை சர்ட்டிபிகேட் வந்து சேர்ந்தது. முத்திரை, கையெழுத்து எல்லாம் பளிச்சென்று இருந்தன. அந்தக் கிளினிக் எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட அம்சவள்ளிக்குத் தெரியாது. ஃபைலில் கடைசியாக வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கிளம்பும்போது இன்னொரு சங்கடம் வந்தது. இப்போது மெல்ல எழுந்து நடமாடத் தொடங்கியிருந்த நாகமுத்து, வெள்ளை வேட்டி கட்டி, சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றார்.

"வேணாம்பா. நான் போய்ட்டு மதியத்துக்குள்ள வந்துடுவேன்."

அவர் ஒவ்வொரு சொல்லாக மென்று மென்று சொன்னார். "ஒத்தையா... எவனையும் கடலுக்கு... வுட மாட்டோம். இது மட்டும் இன்னா."

கரையில் அது எழுதாத சட்டம். எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் தனியாகப் படகு தள்ள விடமாட்டார்கள், கூட ஒருவன் ஏறியே ஆக வேண்டும். நேர்காணலும் அவர் கணக்கில் கடல்தான். திரௌபதி கூடையைத் தூக்கிக்கொண்டே, "கூட்டிகினு போடி. வுட்டுட்டுப் போனா நாள் பூரா ரோட்டையே பாத்துகினு நிப்பாரு" என்றாள்.

போனில் கேட்ட வெண்ணிலா தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பாவோட போய் நின்னா எல்.கே.ஜி.ல சேக்க வந்த மாதிரி இருக்கும்டி. எங்கியாவது கண்ணுக்குத் தெரியாத எடத்துல உக்கார வை."

அப்படியே செய்தாள். பஸ் மாறிப் போய் இறங்கியதும், புறநோயாளிகள் உட்காரும் இடத்தில் கடைசி நாற்காலியில் அப்பாவை உட்காரவைத்துவிட்டு மாடிக்குப் போனாள். அப்படி ஒளித்துவைத்தது அவளுக்கே கூச்சமாக இருந்தது.

உள்ளே நர்சிங் கண்காணிப்பாளர் மஞ்சுளாவும், டாக்டர் விஜயராஜும் இருந்தார்கள். மஞ்சுளா முப்பது வருஷம் வார்டில் நின்றவர் என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. பத்து நாளாக முணுமுணுத்த ஆங்கில அறிமுகப் பத்தி தடங்கலில்லாமல் வந்தது. குளிர் நடுக்கம் வந்தால் ரத்தம் ஏற்றுவதை முதலில் நிறுத்துவேன் என்றாள். மருந்துக் கணக்கு ஒன்று கொடுத்தார்கள், பேனாவை எடுக்காமலே சொன்னாள். டாக்டர் தலையாட்டினார். மஞ்சுளா விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"அனுபவம் இல்லைன்னு போட்டிருக்கீங்க. ரெண்டு வருஷமா என்ன பண்ணீங்க அம்சவள்ளி?"

கை தானாக ஃபைலின் கடைசிக் காகிதத்துக்குப் போனது. விரல் அதைத் தொட்டது. அப்போதுதான் அவளுக்கு ஆத்திரம் வந்தது, வெண்ணிலா மேல் இல்லை, தன் மேலேயே. தூக்கம் கெட்ட அத்தனை ராத்திரியையும் கண்ணால் பார்க்காத ஒரு கிளினிக்குக்கு எழுதிக்கொடுக்கவா? இது என்னுடைய இரண்டு வருஷம். வேலை கிடைக்காவிட்டால் போகட்டும். கையை எடுத்துவிட்டாள்.

"எங்கப்பாவுக்குப் பக்கவாதம் மேடம். வலது பக்கம் முழுசா போயிடுச்சு. ரெண்டு வருஷமா நான்தான் பாத்துக்கிட்டேன்."

டாக்டர் பேனாவைச் சுழற்றினார். "நாங்களும்தான் வீட்ல அப்பா அம்மாவைப் பாத்துக்குறோம். அதை அனுபவம்னு எழுத முடியுமாம்மா?"

"எழுதல சார். கேட்டதால சொல்றேன்." இதற்குமேல் இழக்க ஒன்றும் இல்லை என்று ஆனபிறகு அவளுக்குப் பேச்சு சரளமாக வந்தது, அதுவும் தமிழில். புரட்டிப் படுக்கவைத்தது, கஞ்சி ஊட்டியது, வலைத் தொட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். "எட்டு மாசம் படுத்த படுக்கை சார். ஒரு புண்ணுகூட வரல."

"ஒண்ணுகூடவா?" டாக்டர் சிரித்துவிட்டார். "எங்க வார்டுலயே எட்டு வாரம் தாண்டினா பாடாப் படுறோம். நம்புற மாதிரி சொல்லும்மா."

"கீழதான் சார் உக்காந்திருக்காரு. பாத்துக்குங்க."

மஞ்சுளா முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆள் அனுப்பி அழைத்துவரச் சொன்னார். ஐந்து நிமிஷம் ஆகியும் யாரும் வரவில்லை. அழைக்கப் போன ஊழியர் பதறிக்கொண்டு உள்ளே வந்தார். "லிப்ட்டுல வாங்கன்னா கேக்க மாட்டேங்குறாரு மேடம். படியில ஏறி வராரு."

நாகமுத்து கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது காலைச் சற்று இழுத்து இழுத்து, கடைசிப் படியையும் ஏறி வந்து வாசலில் நின்றார். வேர்த்திருந்தது. மகளைத்தான் முதலில் பார்த்தார். அவளை ஏதோ தப்புக்குப் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார் போல, முகம் இறுகியிருந்தது.

டாக்டர் அவரைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய் இடுப்பையும் முதுகையும் பார்த்தார். குதிகாலைத் திருப்பிப் பார்த்தார். வெளியே வந்து தன் இரண்டு விரலை நீட்டி வலது கையால் அழுத்தச் சொன்னார். நாகமுத்து அழுத்தினார். டாக்டர் முகம் சுளித்து விரலை உருவிக்கொண்டார்.

"இந்தக் கையை எப்படிம்மா கொண்டுவந்தே?"

"ஆஸ்பத்திரியில ரப்பர் பந்து குடுத்து அமுக்கச் சொன்னாங்க சார். சின்னப் புள்ளயா நானுன்னு தூக்கி எறிஞ்சிட்டாரு. அப்புறம் கிழிஞ்ச வலையை ஜன்னல் கம்பியில கட்டி, வலை ஊசிய கையில குடுத்தேன். கிழிஞ்ச வலைய எதுர்ல வெச்சிகினு அவரால சும்மா இருக்க முடியாது. மொத மாசம் ஒரு முடிச்சுகூட வுழல. ஊசி நழுவி நழுவி வுழும், திட்டுவாரு. ஆறாவது மாசம் ஒரு நாளைக்கு மூணு கண்ணி. இப்ப எங்கண்ணன் வலை முழுக்க அவருதான் சார் பாக்குறாரு."

மஞ்சுளா எழுந்தார். நாகமுத்துவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார். பிறகு மெதுவாகக் கேட்டார். "ஐயா, உங்க பொண்ணு உங்களை நல்லா பாத்துக்கிச்சா?"

நாகமுத்து யோசித்தார். சொற்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தார்.

"பொண்ணாப் பாத்திருந்தா... பக்கத்துல உக்காந்து அழுதிருக்கும். இது அழுவல. நர்சாப் பாத்துச்சு."

அம்சவள்ளி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மஞ்சுளா விண்ணப்பத்தை எடுத்து, 'இல்லை' என்ற சொல்லைக் கோடு போட்டு அடித்தார். மேலே இரண்டு வருஷம் என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

"பக்கவாத வார்டுல எனக்கு ஆள் வேணும். அடுத்த திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்கு வந்துடுங்க, சிஸ்டர்."

சிஸ்டர் என்று கூப்பிட்டது தன்னைத்தான் என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் ஆனது.

பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டாள். வேலை கிடைத்துவிட்டது என்றாள். சந்தை இரைச்சலுக்கு நடுவே திரௌபதி போனைக் காதிலிருந்து எடுக்காமலே, மீன் வாங்க வந்த யாரிடமோ கத்தினாள். "எம் பொண்ணு நர்சு. பெரிய ஆஸ்பத்திரியில. நீ பேரம் பேசாத, அந்தச் சங்கராவை அள்ளிகினு போ." பேரத்தில் திரௌபதியை வென்றவர்கள் பாகூரில் அதுவரை கிடையாது.

அதற்குமேல் அம்சவள்ளியால் முடியவில்லை. இரண்டு வருஷமாக அழாததையெல்லாம் சேர்த்து, நட்டநடு வெயிலில், முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நிறுத்தத்தில் நின்றவர்கள் பயந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசல் அல்லவா, யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து ஒவ்வொருவராகப் பக்கத்தில் வந்தார்கள். ஒரு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டி, "யாருக்கு இன்னா ஆச்சு ஐயா?" என்று நாகமுத்துவிடம் கேட்டாள்.

"வேலை... கெடச்சிருக்கு" என்றார் நாகமுத்து.

அடுத்து வந்தவரிடமும் அதையே சொன்னார். பஸ் வருவதற்குள் கேட்டவர், கேட்காதவர் எல்லாரிடமும் சொல்லி முடித்திருந்தார். பேச்சு குழறத்தான் செய்தது, ஆனால் ஒருவர்கூட இரண்டாம் முறை சொல்லச் சொல்லவில்லை.