வேண்டாம் என்று விழுந்த சீட்டு

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் எங்கள் தெருவில் பொங்கலுக்குப் பட்டிமன்றம் வைத்தார்கள். டிவியில் அப்போது எந்நேரமும் தூக்கு தண்டனையைப் பற்றித்தான் பேச்சு. தலைப்பும் அதுவே ஆயிற்று: தூக்கு தண்டனை தேவையா, தேவையில்லையா? தேவை என்று பேச ஆறேழு பேர் முண்டியடித்தார்கள். தேவையில்லை என்று பேச ஒருவரும் முன்வரவில்லை. வேறு வழியில்லாமல் சீட்டு குலுக்கினார்கள். வேண்டாம் என்ற சீட்டு என் சித்தப்பாவுக்கு விழுந்தது.

வீட்டில் ஒரே சிரிப்பு. சித்தப்பா பீங்கான் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கட்டை செய்யும் கம்பெனி ஒன்றில் சூளை அடுக்குகிறவர். செய்தியில் கொலை என்று வந்தாலே சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து நின்று, "இவனுக்கெல்லாம் கேசு எதுக்கு? நேரா தொங்க வுடணும்" என்பார். அந்தக் கோபத்துக்குக் காரணம் உண்டு. அவரோடு அதே சூளையில் வேலை செய்தவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவருடைய ஒரே மகனை, சேத்தியாத்தோப்பில் ஏதோ தகராறில், குத்திக் கொன்றுவிட்டார்கள். குத்தியவனும் எங்கள் ஊர்ப் பையன்தான். கடலூர் ஜெயிலில் இருந்தான். வழக்கு முடியும் தறுவாயில் இருந்தது.

"வூட்டுல தொங்க வுடுற, மேடையில காப்பாத்துற. நல்லா இருக்குதுடா உன் பொழப்பு" என்றார் அப்பா.

"பேச்சுன்னா அப்படித்தாண்ணே. சீட்டு வந்தா பேசித்தானே ஆவணும்" என்றார் சித்தப்பா.

மேடையில் அவர் வெளுத்து வாங்குவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. முதலில் இரண்டு ஜோக்கு சொன்னார். பிறகு, தூக்கு விதிக்கப்பட்ட ஒருவனைப் பார்க்க அவன் அம்மா சோறு கட்டிக்கொண்டு பஸ் ஏறுவதைச் சொல்ல ஆரம்பித்தார். அந்தச் சோற்றை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். அவள் அதைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வருவாள். வழியில் அதை யாருக்குக் கொடுப்பாள் என்று கேட்டுவிட்டு நிறுத்தினார். அடுத்த வரி அவருக்கு வரவில்லை. மைக்கைப் பிடித்தபடி நின்றார். என் பக்கத்தில் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

நடுவராக வந்த தமிழ் வாத்தியார் தீர்ப்பை மக்களிடமே விட்டுவிட்டார். எந்தப் பக்கத்துக்குக் கைதட்டல் அதிகமோ அதுவே தீர்ப்பு. தேவையில்லை என்றபோது நானும் இன்னும் சில பிள்ளைகளும் தட்டினோம். தேவை என்றபோது தெருவே தட்டியது. அம்மாவும் தட்டினாள்.

"சித்தப்பா பேசுறப்ப அழுதியேம்மா?"

"அழுவறது வேற, இது வேற. சும்மா இரு."

எப்படி வேறு என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை எங்கள் வாசலில் ஓர் அம்மா வந்து நின்றார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். சித்தப்பாவைப் பார்த்ததும் அதை நீட்டினார்.

"நான் யாருன்னு தெரியுதா தம்பி? ஜெயில்ல இருக்கானே, அவனோட அம்மா."

சித்தப்பா பழத்தை வாங்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"கூட்டத்துக்குப் பின்னால இருட்டுல நின்னு கேட்டேன். எம் புள்ள செஞ்சது தப்புதான், இல்லன்னு சொல்லல. ஆனா ஊரே தூக்குல போடுன்னு சொல்லுது. நீங்க ஒருத்தர்தான் வேணாம்னு சொன்னீங்க. வர்ற வாரம் தீர்ப்பு. எனக்குத் தொணைக்கு ஆளில்ல. கோர்ட்டுக்கு நீங்க வரணும்."

"அக்கா, அது வந்து... சீட்டு போட்டாங்க. எனக்கு அந்தப் பக்கம் விழுந்துச்சு. அதனாலதான் பேசினேன்."

"இருக்கட்டும்" என்றார் அவர். "சீட்டுதான் பேசச் சொல்லுச்சு. நடுவுல பேச்சு நின்னுச்சே, அதுவுமா சீட்டு சொல்லுச்சு?"

சித்தப்பா என்னைப் பார்த்தார், ஏதோ எனக்குப் பதில் தெரியும் என்பதுபோல. பிறகு, "வரேங்க்கா" என்றார்.

அன்று அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பெரிய சண்டை.

"செத்தவனோட அப்பன் உன் கூட ஒரே தட்டுல சாப்பிட்டவன்டா. அவன் மூஞ்சியில எப்படி முழிப்ப?"

"தெரியலண்ணே. வரேன்னு சொல்லிட்டேன்."

"அப்ப அந்தப் பையனுக்குத் தூக்கு வேணாம்ங்கிறியா?"

"அப்படியும் சொல்லலியே."

தீர்ப்பு நாளன்று சித்தப்பா லீவு போட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போனார். அவரை அங்கே பேச விடுவார்கள், மேடையில் பேசியதுபோல் பேசுவார், ஜட்ஜும் அழுவார் என்றெல்லாம் நான் நினைத்திருந்தேன். மத்தியானம் திரும்பி வந்தவர், வராந்தாவில் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்ததாக மட்டும் சொன்னார். ஆயுள் தண்டனை. தூக்கு இல்லை.

"அப்ப நீங்க ஜெயிச்சிட்டீங்களா சித்தப்பா?"

"யாரும் ஜெயிக்கல. அந்தம்மா அழுதாங்க. மாமாவும் அழுதாரு."

ஒருவர் அழுதால் மற்றவர் சிரிக்க வேண்டும் என்றுதான் நான் கணக்குப் போட்டிருந்தேன்.

சாயங்காலம் மாமா வந்தார். சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி வாசலில் நின்றார். சண்டை வரும் என்று பயந்து அம்மா என்னை உள்ளே இழுத்தாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

"நீ அந்தம்மா பக்கத்துல நின்ன" என்றார் மாமா.

"ஆமா."

"என் பக்கத்துல நிக்கணும்னு தோணலியா?"

சித்தப்பா படியிறங்கிப் போய் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கி நீ பேசறப்ப எனக்கு அழுக வந்துடுச்சு. எம் புள்ளைக்கு அழுதேனா, அந்தம்மாவுக்கு அழுதேனான்னு தெரியல. தீர்ப்பு வந்துட்டா தெரிஞ்சிடும்னு நெனச்சேன்."

பிறகு தண்ணீர் கேட்டார். அம்மாதான் சொம்பில் கொண்டுபோய்க் கொடுத்தாள். குடித்து முடித்தவர், "நாளைக்கு சூளை பிரிக்கணும். நேரத்தோட வந்துடு" என்று சொல்லிவிட்டுப் பெடலை மிதித்தார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை சித்தப்பா பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெளியே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"மாமாவுக்கு உங்க மேல கோவமா, இல்லையா?"

"தெரியல பாப்பா."

"நீங்க நெசமா எந்தப் பக்கம் சித்தப்பா?"

"அதுவும் தெரியல."

பிள்ளைகளிடம் சொல்ல விருப்பமில்லாதபோது பெரியவர்கள் தெரியல என்பார்கள் என்று எனக்குத் தெரியும். பதிலை ஒளித்து வைத்திருக்கிறார் என்று கோபித்துக்கொண்டு, அன்று இரவு முழுக்க நான் அவரோடு பேசவில்லை.