மிளகு மட்டும் மிஞ்சிய டப்பா

எனக்குப் பொறாமைக் குணம் சின்ன வயதிலிருந்தே உண்டு. வயதானால் போய்விடும் என்றார்கள், வயதுதான் ஆனது. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லக் கற்றுக்கொண்டது மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில், சுங்கைப் பட்டாணிக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், என் ஒன்பதாவது வயதில். அம்மா கற்றுக்கொடுத்தாள் என்று சொல்ல முடியாது. அவளும் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டாள்.

தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த எங்கள் லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அதுவும் கூரை வரைக்கும் போகாது. அடுத்த வீட்டில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் அப்பாவையும் என் அப்பாவையும் ஒரே லாரியில் ஏற்றி, சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். மூன்று மாதம் என்றார்கள். ஒரு வருஷம் ஓடிவிட்டது. அதுவரை நாங்கள் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி இருந்தோம். இரண்டு பேருக்கும் அப்பா பக்கத்தில் இல்லை, இரண்டு பேருக்கும் சாக்குப் பாவாடை, இரண்டு வீட்டிலும் மரவள்ளிக்கிழங்கு. சண்டை போட என்ன இருக்கிறது?

அம்மாவிடம் ஒரு தகர டப்பா இருந்தது. அதில் ஒரே ஒரு கற்பூர வில்லை. கடைகளில் கற்பூரத்தைக் கண்ணால் பார்க்க முடியாத காலம். அப்பா திரும்பி வருகிற அன்று ஆரத்தித் தட்டில் ஏற்றுவதற்காக, சாமிக்குக்கூடக் காட்டாமல் வைத்திருந்தாள். கூடவே ஒரு பிடி மிளகும் கிடந்தது. எதற்கு என்று நான் கேட்டதில்லை.

ஒருநாள் அலோர் ஸ்டார் பாசாருக்குச் சாமான் வாங்கப் போய் வந்த ஒருவர் சேதி சொன்னார். அடுத்த வீட்டுக்காரரை நோயாளி என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். மறுநாள் தோட்டத்துக்கு வந்து சேர்வாராம். எங்கள் அப்பாவை வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்களாம். அதற்குமேல் ஒன்றும் தெரியாதாம். அடுத்த வீட்டு அத்தை அழுதுகொண்டே ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நீங்கதான் வந்து ஆலாத்தி எடுக்கணும்."

"எடுக்கறேன். சூடம்கூட எங்கிட்ட இருக்கு. நீ அழாத," என்றாள் அம்மா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெண்ணுக்கு அப்பாவும் வேண்டும், எங்கள் கற்பூரமும் வேண்டுமா? அம்மா கிழங்குத் தோட்டத்துக்குப் போன நேரம் பார்த்து வில்லையை எடுத்தேன். பால்வெட்டு நின்றுபோனதால், ரப்பர் பால் பிடிக்கிற மங்குகள் மரத்தடிகளில் சும்மா கிடந்தன. லயத்துக்குப் பின்னால் மூன்றாவது மரத்தடியில் ஒரு மங்கைக் கவிழ்த்து, அதற்கடியில் வில்லையை ஒளித்தேன். மிளகைத் தொடவில்லை. மிளகையும் எடுத்தால்தான் திருட்டு என்று எனக்குள் ஒரு நியாயம்.

மறுநாள் அம்மா டப்பாவைத் திறந்தாள். மிளகை விரலால் கிளறிப் பார்த்தாள். பிறகு மூடிவைத்துவிட்டு, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் நின்றவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. ஆணியில் மாட்டினதுபோல் தோளெலும்பில் சட்டை தொங்கியது. அந்தப் பெண் மட்டும் "அப்பா!" என்று ஓடிப்போய் ஒட்டிக்கொண்டாள். அம்மா தட்டை மூன்று தரம் சுற்றினாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நிம்மதி போயிற்று. பலகைக்கு அந்தப் பக்கம் அவர் இருமுவார். இந்தப் பக்கம் அம்மா பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். கிழங்கைப் பெரிதாக நறுக்கினால் எனக்கு ஒரு அடி. சிறிதாக நறுக்கினால் அதற்கும் ஒரு அடி. அத்தை கூப்பிட்டால் அம்மா தலைவலி என்பாள். அந்தப் பெண்ணோ, "எங்கப்பா சடை பின்னிவிட்டாரு, பாரு!" என்று என் முன்னால் தலையை ஆட்டிக் காட்டுவாள். அது கோணல்மாணலான சடை. எனக்கு அப்படி ஒரு கோணல் சடை கிடைக்கவில்லையே என்று வயிறு காந்தியது.

ஒரு மாதம் கழித்து மூன்றாவது மரத்தடிக்குப் போய் மங்கைத் திருப்பிப் பார்த்தேன். வில்லை இல்லை. மண்ணில் லேசாக வாசனை மட்டும் இருந்தது. யார் எடுத்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நேராகப் போய் அந்தச் சடையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினேன்.

"திருடி! எங்கப்பா சூடத்தக் குடுடி!"

தோளைக் கடித்தும்விட்டேன். அவள் ஒன்றும் புரியாமல் அலறினாள். அவள் அப்பா தடுக்க எழுந்தார். முடியாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அம்மா என்னைத் தரதரவென்று வீட்டுக்குள் இழுத்துவந்து, விறகுக்கட்டையைக் கையில் எடுத்தாள். நான் மங்கு, மூன்றாவது மரம் எல்லாவற்றையும் உளறிக்கொட்டினேன்.

"கூட மொளகு வச்சியா?"

"இல்ல."

"மொளகு இல்லாம வச்சா சூடம் காத்தோட போயிரும்டி. யாரும் எடுக்கல."

அப்பாவுக்கென்று இருந்ததை நானே காற்றில் விட்டுவிட்டேன். தரையில் விழுந்து புரண்டேன். "அவ அப்பா மட்டும் ஏம்மா வந்தாரு? எனக்கு வயிறு எரியுதும்மா."

கட்டையைக் கீழே போட்டுவிட்டு அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பலகைச் சுவரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அன்னைக்கு டப்பாவத் தொறந்தப்பவே நீதான்னு தெரியும். கேக்கல. குடுக்கறேன்னு சொன்னதக் குடுக்க வேணாமேன்னு எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. ஆலாத்தி சுத்தறப்ப அந்த மனுசன் மொகத்தக்கூட நான் பாக்கல. அவரு இருமற சத்தம் கேக்கறப்பல்லாம் எனக்கும் எரியுது. அத ஒன்ன அடிச்சுத் தீத்துக்கிட்டேன்."

அம்மாவுக்கும் எரியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பெரியவர்களுக்குத் தலைவலிதான் வரும் என்று நினைத்திருந்தேன்.

"இனிமே எரிஞ்சா எங்கிட்ட வந்து சொல்லு, கடிக்காத. நானும் ஒங்கிட்டச் சொல்றேன்," என்றாள்.

பிறகு டப்பாவிலிருந்த மிளகையெல்லாம் கொட்டி இடித்துக் கஷாயம் வைத்தாள்.

"அப்பாவுக்கு வேற சூடம் கெடச்சா அதுக்கு மொளகு?"

"அவரு வரட்டும், வெறும் தண்ணியச் சுத்திக்கலாம். இந்த இருமலுக்காச்சும் ஆவட்டும்."

கஷாயத்தை நானேதான் கொண்டுபோனேன். தோளில் மஞ்சள் பற்றுப் போட்டிருந்த அந்தப் பெண்ணிடம், நீ திருடவில்லை, நான்தான் ஒளித்துவைத்தேன் என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானாக இருந்தால் திருப்பிக் கடித்திருப்பேன். அவள் அப்பா கஷாயத்தைக் குடித்துவிட்டு என் தலையில் கை வைத்தார். நல்ல கைதான். என் அப்பாவின் கை இல்லை.

அப்பா கடைசிவரை வரவேயில்லை. அது பின்னால் தெரிந்த விஷயம். அன்றைக்கு நான் வீட்டுக்கு ஓடிவந்து, "எரியுதும்மா," என்றேன்.

அம்மா காலி டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். "எனக்கும்தான்," என்றாள்.