ஆறு காணாமல் போன வரைபடம்

தையல்காரருக்கு ஒரே தங்கை. துணியில் அவர் போட்டு வைத்த சாக்பீஸ் கோட்டுக்குப் பக்கத்திலேயே தானும் ஒன்றை இழுத்துவிட்டு ஓடுவாள். அதனால் அவளைக் ‘கோடு’ என்றே கூப்பிடுவார்.

அவளுடைய பள்ளிக்கூடம் பாலத்துக்கு அந்தப் பக்கம். அப்போது இக்கரை ஒரு மாவட்டம், அக்கரை வேறு மாவட்டம். பாலத்தின் நடுவில் இரண்டின் பெயரும் முதுகோடு முதுகாக எழுதிய பலகை நிற்கும். பலகை வரை தார் வழவழவென்றிருக்கும். தாண்டினால் சைக்கிள் குலுங்கும். பின்னால் உட்கார்ந்திருப்பவள் அவர் சட்டையை இறுகப் பிடித்துக்கொள்வாள்.

“அண்ணா, ரோட்டைக்கூடப் பாதியா வெட்டி வச்சிருக்காங்களா?”

“ஆமா. நம்ம பாதியைத் தச்சவன் கொஞ்சம் நல்ல தையல்காரன்.”

தாம் எட்டாவதோடு நின்றாலும் அவளை வரைபடம் வரையப் படிக்க வைத்தார். மாவட்ட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து அவள் வரைந்த முதல் படத்தைச் சுவரில் மாட்டிய அன்று கடையைப் பூட்டிவிட்டுப் போய், மூக்கு உரசுகிற அளவுக்கு நெருங்கி நின்று, தம் கடைத் தெரு சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது.

பிறகு இரண்டு மாவட்டங்களையும் ஒன்றாக்கினார்கள். பலகையைப் பிடுங்கினார்கள். வரைபடக்காரர் ஒருவர் போதும் என்றார்கள். புதிய அலுவலகத்தின் திறப்பு விழாவுக்குள் சேர்ந்த மாவட்டத்தின் படத்தை முடித்துக் கொடுப்பவருக்கு நாற்காலி. மற்றவருக்கு எங்கோ தூரத்தில் மாற்றல். தங்கை கண்ணெதிரே இல்லாத வீட்டை நினைத்தாலே தையல்காரருக்குச் சோறு இறங்காது.

அவருடைய வெட்டும் மேசைதான் நீளமானது. ஞாயிற்றுக்கிழமை அதில் இரண்டு பழைய படங்களையும் விரித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்தாள்.

“அடடா, கச்சிதம்!” என்றார்.

அவள் குனிந்து, ஓரங்கள் சேர்ந்த இடத்தை விரலால் தடவினாள்.

“என்ன கோடு?”

“ஆத்தைக் காணோம், அண்ணா.”

இரண்டு படங்களும் அதனதன் கரையோடு நின்றிருந்தன. ஆற்றை யாருமே வரையவில்லை. சேர்த்த படத்தில் இக்கரைப் படித்துறை அக்கரை மரக்கடைக்குள் முட்டிக்கொண்டு நின்றது. நடுவில் மணல்திட்டும் இல்லை, அதிலிருந்த மீன்காரர் வீடுகளும் இல்லை.

“நீலத்துல ஒரு பட்டை ஒட்டி இப்போ குடுத்துடு. விழா முடிஞ்சதும் ஆத்தை நிதானமா போட்டுக்கலாம்.”

“திட்டுல இருக்கறவங்க எங்க ஆளு இல்லேன்னு ரெண்டு ஆபீசும் இத்தனை வருஷம் கையைக் கழுவிட்டாங்க. படத்துலயே இல்லேன்னா குடிதண்ணிக் குழாய் எப்படிண்ணா வரும்?”

மறுநாள் அக்கரை வரைபடக்காரரைத் தேடிப் போனாள்.

“போட்டிக்காரர்கிட்டயே போய் நிக்கிறியே, புத்தி கெட்டுப் போச்சா?”

“அந்தக் கரையோட அளவெல்லாம் அவர்கிட்டதானே இருக்கு!”

இருவரும் படகில் அளவு நாடாவோடு இறங்கினார்கள். வேலை இழுத்துக்கொண்டே போயிற்று. திறப்பு விழா மொட்டைச் சுவரோடு நடந்தது. மாவட்ட அதிகாரி கோபத்தில் குதித்தார். தையல்காரர் அன்று ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடப்பக்கக் கையாகவே வெட்டிவிட்டார்.

படம் ஒருவழியாக வந்தது: ஆறு, திட்டு, வீடுகள் எல்லாமும். அதிகாரி வெகுநேரம் பார்த்துவிட்டு, “இதுல யார் எதை வரைஞ்சீங்க?” என்றாராம். இருவருக்குமே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒருவரை மட்டும் வைத்தால் படம் மறுபடி ஒரு கரையோடு நின்றுவிடும் என்று, தலைமை அலுவலகத்துக்கு ஒருவர், கிளைக்கு ஒருவர் என இரண்டு நாற்காலி போட்டார்.

ஆனால் அலுவலகம் அலுவலகம்தானே. அக்கரைக்காரருக்கு இக்கரையில் வேலை, அவளுக்கு அக்கரையில்.

இப்போது காலையில் மிஷினிலிருந்து தையல்காரர் தலை நிமிர்ந்தால் பாலம் தெரியும். இங்கிருந்து அவள் ஸ்கூட்டரில் பாலம் ஏறுவாள். அங்கிருந்து அக்கரைக்காரர் வருவார். பலகை இருந்த இடத்தில் இருவரும் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் பிரிவார்கள். தையல்காரரின் கண் இன்னமும் அந்தப் பலகையைத்தான் தேடும்.

“நம்ம பாதியாவது வழவழன்னு இருக்கா, கோடு?” என்று ஒருநாள் கேட்டார்.

“மாவட்டத்தைச் சேர்த்தப்புறம் பாலம் பூரா ஒரே குலுக்கல்தான். பிடிச்சுக்கத்தான் முன்னால ஒரு சட்டை இல்ல, அண்ணா.”